ஈரலும் கொழுப்பும் பேசாத நாட்கள்

சோங்-கோல் மேய்ச்சல் வெளி
24 ஜூன் 2020

அக்கா ஜில்திஸுக்கு,

இதனால் பிஷ்கெக் நகரவாசிகள் அனைவருக்கும் அறிவிப்பது என்னவென்றால், நேற்று மாலை நம் கொழுப்புவால் கிடா மந்திரியின் பின்பக்கம் ஓடையில் இரண்டு பாறைகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டது. முன்பக்கம் பத்திரமாகக் கரையேறிவிட்டது. பின்பக்கம் வந்து சேரச் சிறிது நேரம் பிடித்தது. இதை முன்னிட்டு அரசு விடுமுறை எதுவும் இல்லை.

ஒரு வாளி கொழுப்பை வாலில் கட்டிக்கொண்டு ஊர்வலம் போகிறவன் ஓடை தாண்டலாமா? கேட்டால் அப்பாவுக்குக் கோபம் வருகிறது. "அவனை ஏன்டா சொல்ற, என்னைச் சொல்லு" என்கிறார். அவரும் மந்திரியும் ஒரே தையற்காரரிடம் உடம்பு தைத்துக்கொண்டவர்கள் என்பது உனக்குத் தெரியும்.

அப்பா இன்று காலைதான் கொச்கோருக்கு ஒரு கல்யாணத்துக்கு இறங்கினார். இரண்டு நாளில் வந்துவிடுவாராம். அதுவரை இந்த மந்தைக்கும் கம்பளிக் கூடாரத்துக்கும் நாய் அக்தோஷுக்கும் நானே ராஜா. பக்கத்துக் கூடாரத்தில் பெர்மெத் என்று ஒரு பெண் இருக்கிறாள். என் வயதுதான். அடிக்கடி எட்டிப் பார்க்கிறாள். நான் வேலை செய்யும் அழகைப் பார்த்துக் கற்றுக்கொள்ளத்தான் என்று நினைக்கிறேன்.

இங்கே போன் எடுக்காது. கடிதத்தை, புளித்த குதிரைப்பாலான குமிஸை ஏற்றிப்போகும் ஷெர்ஷென் மாமாவின் லாரியில் கொடுத்தனுப்புகிறேன். உன் ஆஸ்பத்திரிப் பரிசோதனைக் கூடத்தில் கூட்டம் அதிகமா? முகக்கவசத்தோடு தும்மினால் எங்கே போகும்? உடம்பைப் பார்த்துக்கொள்.

மலையரசன்
எல்தியார்


பிஷ்கெக்
4 ஜூலை

மலையரசனுக்கு,

உன் முன்பக்கமும் பின்பக்கமும் ஒன்றாக நலம்தானே? நான் நலம். அம்மா மாஸ்கோவிலிருந்து போன் பண்ணினாள். எல்லை திறந்த மறுநாளே கிளம்பிவிடுவாளாம். உனக்கு முத்தம் கொடுக்கச் சொன்னாள். அதைக் கடிதத்தில் வைத்து அனுப்ப முடியாது.

அப்பா ஏன் திரும்பவில்லை என்று யோசித்திருப்பாய். கல்யாண வீட்டில் இருமல் பிடித்துக்கொண்டது. கொச்கோரில் வைத்திருந்து பார்த்துவிட்டு இங்கே என்னிடம் அழைத்து வந்துவிட்டார்கள். எங்கள் ஆஸ்பத்திரியிலேயே இடம் கிடைத்தது. கொஞ்சம் காய்ச்சல், கொஞ்சம் சளி. நான் தினமும் மாடிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.

நீ கீழே இறங்காதே. இறங்கினால் அப்பாவுக்குக் கோபம் வரும், இப்போது அவர் கோபப்படக் கூடாது. மந்தையை விட்டுவிட்டு வரவும் முடியாது. உனக்கு ஒன்றும் காய்ச்சல் இல்லையே? அதை மட்டும் விளையாடாமல் எழுது.

ஜில்திஸ்


சோங்-கோல்
8 ஜூலை

அக்காவுக்கு,

எனக்குக் காய்ச்சல் இல்லை. மந்திரிக்கும் இல்லை. கை வைத்துப் பார்க்க அவன் நெற்றியைக் கண்டுபிடிக்கத்தான் சிரமப்பட்டேன்.

அப்பா இருமினால் ஆஸ்பத்திரிக் கண்ணாடியெல்லாம் அதிருமே. பக்கத்துக் கட்டில்காரர்கள் பாவம். "பையன் எல்லாத்தையும் பாத்துக்குறான், நீங்க இருமுற வேலையை மட்டும் பாருங்க" என்று சொல். அதுவும் பொய்யில்லை. போன வாரம் ஓநாய் வந்தது. கிழக்குப் பக்கம், பட்டிக்குப் பத்தடி தூரத்தில். என் கையில் ஒரு தீவட்டி, வாயில் ஒரு கெட்ட வார்த்தை, அவ்வளவுதான். வாலைச் சுருட்டிக்கொண்டு ஓடியது. ஒரு குட்டிகூடக் குறையவில்லை. பெர்மெத்தைக் கேட்டால் வேறு மாதிரிச் சொல்வாள், பொறாமை.

நோயாளிக்கு வெறுங்கையோடு கடிதம் அனுப்பினால் நம் வீட்டுக்கு அழகில்லை. ஒரு ஜாடி மலைத்தேன் இருக்கிறது, ஷெர்ஷென் மாமாவிடம் கொடுத்திருக்கிறேன். மூன்று வேளையும் தேநீரில் போட்டுக் கொடு. அப்பாவுக்கு இனிப்பு என்றால் இருமல்கூட நின்று கேட்கும்.

"கொஞ்சம்" என்று ரெண்டு தடவை எழுதியிருக்கிறாய். உன் கணக்கில் கொஞ்சம் என்றால் எவ்வளவு? நீ பரிசோதனைக்கூடக்காரி. எனக்கு எண்ணாகவே சொல்லலாம்.

எல்தியார்


பிஷ்கெக்
13 ஜூலை

தம்பி,

தேன் வந்தது. அப்பாவுக்குக் கொடுக்கவில்லை. இரவு முழுக்க நின்றுகொண்டே வேலை பார்க்கும் நர்ஸுகளுக்குக் கொடுத்துவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே, காரணம் இருக்கிறது. எண்ணாகக் கேட்டாய், எண்ணாகவே சொல்கிறேன். அப்பாவின் ரத்தச் சர்க்கரை, மில்லிமோல் கணக்கில், வெறும் வயிற்றில் ஐந்தரைக்குள் இருக்க வேண்டும். பதினெட்டு இருக்கிறது.

அவருக்குச் சர்க்கரை நோய் கிடையாது. வசந்தத்தில் நானே எடுத்துப் பார்த்தேன், நன்றாக இருந்தது. இப்போது ரெண்டு வாய் சூப்புக்கு மேல் இறங்கவும் இல்லை. ஸ்டீராய்டு ஊசி சர்க்கரையை ஏற்றும் என்பார்கள், ஆனால் முதல் ஊசிக்கு முன்னாலேயே ஏறியிருந்தது. கணையம் கெட்டுவிட்டதோ என்று பயந்து அதையும் பார்த்தேன். கணையம் வேலை செய்கிறது. இன்சுலின் தாராளமாகச் சுரக்கிறது. உடம்புதான் அதன் பேச்சைக் கேட்க மாட்டேன் என்கிறது.

தாலாய்பெக் என்று ஓஷ் ஊரிலிருந்து ஒரு புது டாக்டர் வந்திருக்கிறார். அவர் ஒன்று சொன்னார். யூகம்தான், இன்னும் யாரும் நிச்சயமாகச் சொல்லவில்லை என்று சொல்லிவிட்டுத்தான் சொன்னார். கொழுப்பு என்பது சும்மா தொங்கும் மூட்டை இல்லையாம். அதுவும் ஒரு சுரப்பி மாதிரி ரத்தத்தில் ஹார்மோன்களை அனுப்பிக்கொண்டே இருக்கும். அதில் ஒன்று ஈரலுக்குப் போய், "போதும், சர்க்கரையைக் கொட்டாதே, இன்சுலின் சொல்றதைக் கேளு" என்று சொல்லும். இந்தக் கிருமி வந்தபின் கொழுப்பு அந்த ஒரு ஹார்மோனை அனுப்புவதைக் குறைத்துவிடுகிறதோ என்பது அவர் சந்தேகம். சேதி வராத ஈரல் தன் பாட்டுக்குச் சர்க்கரையைக் கொட்டுகிறது. சர்க்கரை ஏற ஏற நுரையீரலுக்கும் ஆபத்து ஏறுகிறது.

இன்சுலின் போடுகிறார்கள். மணிக்கு ஒரு தரம் விரலில் குத்திப் பார்க்கிறார்கள். அப்பா நேற்று, "கொழுப்பெடுத்த பய, கொழுப்பெடுத்த பயன்னு எங்க வாத்தியார் திட்டுவாரு. இப்பதான் புரியுது" என்றார். அதைச் சொல்லி முடிக்க மூன்று தடவை மூச்சு வாங்கினார்.

ஆக, உன் தேனால் இல்லை. அதை நினைத்து ராத்திரி உட்கார்ந்திருக்காதே, உன்னை எனக்குத் தெரியும்.

அக்கா


சோங்-கோல்
17 ஜூலை

அக்காவுக்கு,

நலம், நலம், எல்லாரும் நலம். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

உன் கடிதத்தை நான்கு தடவை படித்தேன். டாக்டர் கஷ்டப்பட்டுச் சொன்னதை நான் எளிதாகப் புரிந்துகொண்டேன். இது சம்பந்தி சண்டை. கொழுப்பு பெண் வீடு, ஈரல் மாப்பிள்ளை வீடு. இத்தனை வருஷம் ஆள் விட்டுச் சேதி சொல்லிக்கொண்டிருந்தவர்கள். நடுவில் இந்தக் கிருமி வந்து ஏதோ மூட்டிவிட்டுப் போய்விட்டது. இவர் அங்கே ஆள் அனுப்புவதில்லை, அவர் கோபத்தில் சர்க்கரையை வாரி இறைக்கிறார். இன்சுலின் பாவம், இரண்டு வீட்டுக்கும் நடுவில் நிற்கும் தரகர். தரகர் பேச்சை எந்தச் சண்டையில் கேட்டிருக்கிறார்கள்?

சம்பந்திகளைச் சேர்த்து வைக்க நம் ஜனங்கள் என்ன செய்வார்கள்? ஈரலையும் வால்கொழுப்பையும் சேர்த்து வேகவைத்து, ஒரே கவளமாக ஊட்டிவிடுவார்கள். அதைத் தின்றபின் அந்த இரண்டு வீடும் ஒன்று, பிரிக்க முடியாது. நம் பெரியப்பா மகள் கல்யாணத்தில் நடந்ததே, ஞாபகமில்லையா? அப்பாவின் உடம்புக்குள் ஈரலும் கொழுப்பும் பேசவில்லை என்றால், ஈரலையும் கொழுப்பையும்தான் அனுப்ப வேண்டும்.

நீ சிரிப்பாய். சிரி. ஆனால் நான் மந்திரியை அறுத்துவிட்டேன். கை நடுங்கவில்லை. ஆண்பிள்ளை செய்ய வேண்டியதைச் செய்தேன், பிறகு கை கழுவிவிட்டுத் தேநீர் குடித்தேன். ஈரலையும் வாலையும் உப்புப் போட்டு வேகவைத்து, ஓடைத் தண்ணீரில் குளிரவைத்துத் துணியில் சுற்றியிருக்கிறது. அப்பாவுக்கு ஒரு வாய் ஊட்டு. ஒரே ஒரு வாய்.

டாக்டரிடம் கேட்டுவிட்டு ஊட்டு. நானே சொல்கிறேன், கேட்டுவிட்டே செய்.

எல்தியார்


சோங்-கோல்
27 ஜூலை

அக்காவுக்கு,

லாரி வந்தது. உன் கடிதம் வரவில்லை. சோதனைச் சாவடியில் பிடித்து வைத்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். உன் கையெழுத்தைப் பார்த்தால் எந்தப் போலீஸும் மருந்துச்சீட்டு என்றுதான் நினைப்பான்.

இங்கே எல்லாம் வழக்கம்போல. பெண்குதிரையிடம் பால் கறக்கும் வேலை என் கைக்குப் பழகிவிட்டது. அசையாமல் நிற்கிறது. மந்திரி இல்லாததால் மற்ற கிடாக்கள் தேர்தல் நடத்துகின்றன. தகுதியான வேட்பாளர் இல்லை.

"ஆஸ்பத்திரிப் பக்கம் போனீங்களா மாமா?" என்று ஷெர்ஷென் மாமாவைக் கேட்டேன். "பார்சலைக் கேட்டில் கொடுத்தேன். உள்ளே விடல" என்றார். வேறு ஏதோ சொல்ல வந்தவர், டயரை உதைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல டயர்தான்.

அப்பாவின் எண் என்ன? எண் மட்டும் போதும்.

எல்தியார்


சோங்-கோல்
5 ஆகஸ்ட்

அக்கா,

இன்றும் லாரி சும்மா வந்தது.

நீ எழுத வேண்டாம். வெள்ளைத் தாளை மடித்து அனுப்பு. தாள் வந்தால் நீங்கள் இரண்டு பேரும் இருக்கிறீர்கள் என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

எ.


பிஷ்கெக்
9 ஆகஸ்ட்

என் தங்கத் தம்பிக்கு,

இருக்கிறோம். இரண்டு பேரும் இருக்கிறோம். முதல் வரியிலேயே அதை எழுத வேண்டும் என்று இத்தனை நாள் காத்திருந்தேன்.

உனக்கு எழுத ஐந்தாறு தடவை உட்கார்ந்தேன். பொய் எழுதினால் நீ கண்டுபிடித்துவிடுவாய், நிஜத்தை எழுதக் கை வரவில்லை. "கொஞ்சம்" என்று எழுதி உன்னிடம் ஒரு தடவை மாட்டிக்கொண்டது போதும்.

நீ மந்திரியை அனுப்பிய வாரம் அப்பா மோசமாக இருந்தார். ஆக்சிஜன் கருவியை இரண்டு கட்டிலுக்கு மாற்றி மாற்றி வைத்தார்கள். ஒரு நாள் தெரியாத ஒருவர் வெளியிலிருந்து ஒரு சிலிண்டரைத் தோளில் சுமந்து வந்து வாசலில் வைத்துவிட்டுப் பெயர்கூடச் சொல்லாமல் போய்விட்டார். அப்பா அதில் மூச்சு விட்டார். சர்க்கரை இருபத்திரண்டு வரை போனது. தாலாய்பெக் டாக்டர் இரண்டு நாள் வீட்டுக்குப் போகவில்லை. இன்சுலினை ஏற்றுவார், நான் கீழே ரத்தம் பார்ப்பேன், ஓடிப்போய் எண்ணைச் சொல்வேன், மறுபடி ஏற்றுவார். படிக்கட்டில் ஏறி இறங்கி என் செருப்பு அறுந்தது. பிறகு ஒரு நாள் காலை பதினான்கு. மறுநாள் பதினொன்று. ஆக்சிஜனைக் குறைத்தார்கள். நேற்று ஏழு. இன்சுலினையும் பாதிக்கு மேல் குறைத்துவிட்டார்கள். நுரையீரல் தேறத் தேறச் சர்க்கரை தானாக அடங்குகிறது. சம்பந்திகள் பேச ஆரம்பித்துவிட்டார்கள் போல.

இனி உன் பார்சல். அது வந்த நாளில் அப்பாவுக்குத் தண்ணீரே இறங்கவில்லை. தூக்கிப் போட மனம் வரவில்லை. ஊழியர் சமையலறையில் உறைபெட்டியில் வைத்துவிட்டேன். முந்தாநாள் அப்பா கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தார். உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். மந்திரி என்ற இடத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சம்பந்தி சண்டை என்ற இடத்தில் சிரித்தார், சிரித்து இருமி, இருமிச் சிரித்து, நர்ஸ் ஓடி வந்தாள். "கொண்டு வா அதை" என்றார்.

டாக்டரிடம் கேட்டேன். "நல்லா சூடு பண்ணி, கட்டைவிரல் அளவு, ஒரு வாய்தான்" என்றார். கொண்டுபோய்க் கொடுத்தேன். நம் அப்பாவை உனக்குத் தெரியுமே. ஈரலையும் கொழுப்பையும் விரலால் சேர்த்தார், தன் வாய்க்குப் போகவில்லை. பக்கத்தில் நாடி பார்த்துக்கொண்டிருந்த டாக்டரிடம், "வாயைத் திற மகனே. அன்னைக்கு ரெண்டு நாள் நீயும் சாப்பிடாம நின்ன" என்று நீட்டினார். டாக்டர் முகக்கவசத்தை இறக்கலாமா கூடாதா என்று விழித்தார். அப்பா கை நீட்டியபடியே நிற்கிறது, எப்படி மறுப்பது? வாங்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் போய் நின்று தின்றுவிட்டார்.

எதிர்க் கட்டிலில் படுத்திருந்தவர்தான் முதலில் கவனித்தார். மூக்கில் குழாயோடு, "ஏ முக்தார், என்ன காரியம் பண்ணிட்ட? அது சம்பந்தி சோறுடா" என்றார். வார்டே திரும்பிப் பார்த்தது. அப்பா, "தெரிஞ்சுதான்டா பண்ணேன். என் உயிரைக் காப்பாத்தினவன் எங்க வீட்டு ஆளு இல்லாம வேற யாரு?" என்றார். டாக்டர் காது வரைக்கும் சிவந்துபோய், "இன்சுலின் நேரமாச்சு" என்று எங்கோ போனார். இன்சுலின் நேரம் ஆகவில்லை.

மற்றபடி ஒன்றுமில்லை. வெயில் அதிகம். புதுச் செருப்பு வாங்கினேன்.

அக்கா


பிஷ்கெக்
20 ஆகஸ்ட்

மகன் எல்தியாருக்கு,

உன் அப்பா எழுதுவது. நான் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. பட்டாளத்திலிருந்து உன் அம்மாவுக்கு எழுதியது, அதற்குப் பிறகு இதுதான்.

நடக்கிறேன். மாடிப்படி வரை. ஊசி நிறுத்திவிட்டார்கள். இன்று காலை எண் ஆறு. உன் அக்கா அதை நெற்றியில் எழுதி ஒட்டாத குறை. உடம்பு பாதியாகிவிட்டது, கால்சட்டையைக் கயிறு போட்டுக் கட்டியிருக்கிறேன். முன்பு என் கொழுப்பைப் பார்த்துச் சிரித்தேன். இப்போது மரியாதையாக இருக்கிறேன். வாய் இல்லாமல் உள்ளே இருந்துகொண்டு எனக்காக யாரோ எவ்வளவோ சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்கள், நின்ற பிறகுதான் தெரிந்தது.

மந்திரியைத் தவிர மந்தையில் ஒன்றுகூடக் குறையவில்லை என்று ஷெர்ஷென் சொன்னான். நான் படுத்திருந்தபோது மனதிலிருந்து ஒரு பாரம் இறங்கியிருந்தது என்றால், அது மந்தைதான். மூச்சு வராதபோதெல்லாம், பையன் மேலே இருக்கிறான், பார்த்துக்கொள்கிறான் என்று நினைத்துக்கொள்வேன். நீ ஓநாயை விரட்டியதை வார்டில் எல்லாருக்கும் சொல்லியிருக்கிறேன். எதிர்க் கட்டில்காரன் அதை அவன் மகனுக்கு எழுதிவிட்டான்.

செப்டம்பரில் டாக்டர் விடுவார். வந்ததும் ஒரு ஆடு அறுத்து அக்கம்பக்கத்தார் எல்லாருக்கும் நன்றிச் சோறு போடுவோம். அங்கே நான் எழுந்து உன்னைப் பற்றி நாலு வார்த்தை சொல்வேன். பிறகு நீயும் சொல்ல வேண்டும். தயாராக இரு.

நன்றி மகனே. இந்த வார்த்தையை உனக்கு நான் சொன்னதாக ஞாபகமில்லை.

முக்தார்


சோங்-கோல்
6 செப்டம்பர்

அக்காவுக்கு,

சனிக்கிழமை நீயும் அப்பாவும் வருகிறீர்கள் என்று சேதி கிடைத்தது. டாக்டரும் "அப்பாவின் மூச்சைக் கண்காணிக்க" வருகிறாராம். நான் ஒன்றும் கேட்கவில்லை. அவருக்கென்று தனிக் கம்பளி விரித்து வைத்திருக்கிறேன். புதுச் செருப்பைப் போட்டுக்கொண்டு வா, தரை நல்ல தரை.

அப்பாவின் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன். எடுத்துப் படிப்பேன், வைப்பேன். பெயர் சொல்லாமல் சிலிண்டர் சுமந்தவர், என் தேனைத் தின்ற நர்ஸுகள், மணிக்கு மணி குத்துப்பட்ட அப்பாவின் விரல்கள், மந்திரி, நீ. தினமும் பட்டியை அடைக்கும்போது இவர்களை வரிசையாக நினைத்துக்கொள்கிறேன். சில நாள் அந்த வரிசை முடியும் முன்னாலேயே ஆடுகள் உள்ளே போய்விடும்.

ஒரு விஷயம். சனிக்கிழமைக்கு முன்னால் சொல்லியாக வேண்டும். அப்பா அத்தனை பேர் முன்னால் எழுந்து நின்று பேசப் போகிறார். எழுந்து நிற்பதே அவருக்கு இன்னும் கஷ்டம். அதை வீணாக்க வேண்டாம்.

ஓநாய் வந்தது உண்மை. நான் அதைப் பார்த்தேனா என்றால், மூன்று கம்பளிகளுக்கு அடியிலிருந்து அவ்வளவு தெளிவாகத் தெரியவில்லை. தீவட்டியோடு போனது பெர்மெத். கெட்ட வார்த்தையும் அவளுடையதுதான், எனக்கு அந்த அளவுக்குத் தெரியாது.

குதிரைப் பால் அவள் கறந்தது. நான் கிட்டே போனால் குதிரை உதைக்கிறது. இடது தொடையில் அடையாளம் இருக்கிறது, டாக்டரிடம் காட்டலாம்.

உன் கடிதம் வராத நாட்களில் மந்தையை ஓட்டிப் போனதும் ஓட்டி வந்ததும் அவள். நான் காலிப் பட்டிக்குள் உட்கார்ந்திருந்தேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை. ரொட்டியை மட்டும் வேலிக்கு மேலே வைத்துவிட்டுப் போவாள்.

மந்திரியை அறுத்தது ஷெர்ஷென் மாமா. கால்களைப் பிடித்தது பெர்மெத். நான் குன்றுக்குப் பின்னால் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு நின்றேன். தேநீர் குடித்தேன் என்று எழுதினேனே, அது மட்டும் நிஜம். அதுவும் அவள் போட்டது.

இதை வழியிலேயே அப்பாவிடம் சொல்லிவிடு. அவர் சிரிப்பார். சிரித்தால் வண்டியைச் சற்று நிறுத்தி, முழுசாகச் சிரிக்க விடு. மேலே வருவதற்குள் முடிந்திருக்கும். பிறகு எழுந்து நின்று பேச வேண்டிய பெயர் எது என்று அவருக்கே தெரியும். நானும் நாலு வார்த்தை சொல்கிறேன், அதே பெயரைப் பற்றி.

இந்தக் கோடையில் நான் தனியாகச் செய்து முடித்த ஒரே வேலை இந்தக் கடிதங்கள். அதிலும் உறை ஒட்டியது பெர்மெத்.

எல்தியார்